மணி அடித்ததும் அப்பத்தா நிற்பாள்

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன் கண்ணு. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, கணவருக்கு மில்லில் இரண்டாம் ஷிப்ட், மூன்றே முக்கால் வயது மகள் எல்கேஜி சேர்ந்து ஆறு நாள், பதினோரு மாதப் பையன் வீட்டில் மாமியாரிடம். காலையில் எழுப்புவதில் தொடங்கி பள்ளி கேட் வரைக்கும் அழுகை, டிபன் டப்பா கொண்டு போன மாதிரியே திரும்பி வருகிறது, பக்கத்து வீட்டுக் குழந்தை அதே வயதில் ஏ பி சி டி எழுதுகிறது, நம் பிள்ளைக்குப் பென்சில் பிடிக்கவே தெரியவில்லை, ஒரு வருடம் கழித்துச் சேர்த்திருக்கலாமோ என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஈரோடு மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து 2024-ல் ஓய்வு பெற்றேன். அதில் பெரும்பகுதி ஒன்றாம் வகுப்புதான். ஒவ்வொரு ஜூன் மாதமும் என் சேலை முந்தானை அழும் பிள்ளைகளின் மூக்குச் சளியோடுதான் வீட்டுக்கு வரும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பையன் தூங்கிய பிறகு நிதானமாகப் படியுங்கள்.

முதலில் சேர்த்த விஷயம். மூன்று வயது முடிந்த பிள்ளை எல்கேஜி போவது தமிழ்நாட்டில் வழக்கம்தான், நீங்கள் தப்பு ஒன்றும் செய்யவில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009 பேசுவதே 6 வயதிலிருந்து 14 வரை உள்ள பிள்ளைகளைப் பற்றித்தான், அதனால் எல்கேஜியில் பத்து நாள் போகாவிட்டாலும் எதுவும் முழுகிப் போகாது. அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். மற்றதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நீங்கள் எழுதியதில் ஒரு இடத்தில் நான் நின்றுவிட்டேன். "அம்மா சீக்கிரம் வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லித்தான் உள்ளே அனுப்புறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வரி தள்ளி, மூன்று மணிக்கு மாமியார் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் அழைத்து வருகிறார், நான் வீட்டுக்கு வர ஆறரை ஆகிவிடும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டு வரியையும் உங்கள் மகளாக இருந்து ஒரு தடவை படித்துப் பாருங்கள். அம்மா வருவேன் என்று சொன்னாள். நாள் பூராவும் அம்மா வருவாள் என்று உட்கார்ந்திருந்தேன். மணி அடித்தது, கேட்டில் அப்பத்தா நின்றாள். அப்பத்தாவை அவளுக்குப் பிடிக்காமல் இல்லை, ஆனால் சொன்னது நடக்கவில்லை. மறுநாள் காலையில் நீங்கள் அதையே சொல்லும்போது அவள் உங்கள் சுடிதாரை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள். அவளைப் பொறுத்தவரை அது நியாயமான பிடிவாதம்தான், ஏனென்றால் பிடியை விட்டால் என்ன ஆகும் என்று நேற்றே பார்த்துவிட்டாள்.

நாளைக்கு உள்ளதைச் சொல்லுங்கள். "மணி அடிச்சதும் அப்பத்தாவும் தம்பியும் கேட்டுல நிப்பாங்க. வீட்டுக்குப் போய்ப் பால் குடிப்பே, விளையாடுவே, இருட்டறப்ப அம்மா வந்துருவேன்." இதைக் கேட்டால் முதல் நாள் இன்னும் கூடுதலாக அழலாம், ஏனென்றால் அம்மா வரமாட்டாள் என்று இப்போதுதான் நேராகத் தெரிகிறது. இரண்டாம் நாளும் அழலாம். ஆனால் மூன்று மணிக்கு அப்பத்தா சொன்னபடி நிற்பாள், இருட்டும்போது நீங்கள் சொன்னபடி வருவீர்கள். நான் பார்த்தவரை பிள்ளைகளுக்கு ஒரு வாரம், பத்து நாள் இப்படிச் சொன்னது சொன்னபடி நடந்தால் போதும். "கடைக்குப் போய் மிட்டாய் வாங்கிட்டு வந்துடறேன்", "வண்டியைத் திருப்பி நிறுத்திட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு நழுவிப் போகும் பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள்தான் ஜூலை கடைசி வரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டு இருக்கும். மாமியாரிடமும் சொல்லிவிடுங்கள்: இந்த ஒரு மாதம் மட்டும் மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே போய், பிள்ளை வெளியே வரும்போது முதலில் கண்ணில் படுகிற இடத்தில் நிற்க வேண்டும், தினமும் அதே இடத்தில்.

மூன்று வயசுப் பிள்ளைக்கு மூன்று மணி என்றால் ஒன்றும் புரியாது. என் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை இருந்தாள், வந்த புதிதில் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் "மணி அடிச்சாச்சுங்களா டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள், பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்து போனேன். ஒரு நாள் கரும்பலகையின் கீழ் மூலையில், அவள் கைக்கு எட்டும் உயரத்தில், நான்கு படம் வரைந்தேன். பிரேயருக்கு ஒரு கொடிமரம், இன்டர்வெல்லுக்கு ஒரு வேப்ப மரம், மதியச் சாப்பாட்டுக்கு ஒரு தட்டு, கடைசியில் ஒரு மணி. ஒவ்வொன்றும் முடிந்ததும் அவளே வந்து டஸ்டரால் அந்தப் படத்தை அழிக்கலாம் என்றேன். அன்றிலிருந்து அவள் கேட்பது நின்றது, மூலையை மட்டும் பார்த்துக்கொள்வாள். தட்டை அழிக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, இன்னும் ஒன்றுதான் மிச்சம் என்று திரும்பி எல்லாரையும் பார்த்துச் சிரிப்பாள். இரண்டு வாரத்தில் அவளே அதை மறந்துவிட்டாள். நீங்களும் இதை வீட்டில் ஒரு தாளில் வரைந்து ஒட்டலாம்: பள்ளி, டிபன் டப்பா, தூங்கும் பாய், மணி, அப்பத்தா, கடைசியாக அம்மா. படம் நன்றாக வர வேண்டும் என்றில்லை. இரவு படுக்கும் முன் விரலை வைத்துக் கதை மாதிரி ஒரு தடவை சொல்லுங்கள், காலையில் இன்னொரு தடவை.

கேட்டில் விடுவது ஒரு நிமிட வேலையாக இருக்கட்டும். ஒரு முத்தம், ஒரு டாட்டா, சொல்ல வேண்டிய அந்த ஒரு வாக்கியம், கையை மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்து விடுங்கள். மனசு கேட்காது, தெரியும். என் மகளை விடும்போது எனக்கும் கேட்கவில்லை. ஆனால் கேட்டுக்கு உள்ளே நின்று பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அம்மா கண்ணிலிருந்து மறைந்த கொஞ்ச நேரத்தில் பெரும்பாலான பிள்ளைகள் அழுகையை நிறுத்திவிடுவார்கள், ஒரு செங்கல் துண்டோ ஒரு பொம்மையோ எதிரில் வந்ததும் கவனம் மாறிவிடும். ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கும் அம்மாவைப் பார்த்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். உங்களுக்கு நிம்மதி வேண்டுமென்றால் பள்ளியில் கேட்டு வையுங்கள், அழுகை நின்றதும் ஒரு வார்த்தை போனில் சொல்ல முடியுமா என்று. சொல்கிற பள்ளிகளும் உண்டு.

அழுகைக்கு இன்னொரு காரணமும் உங்கள் வீட்டில் இருக்கிறது. அவள் கிளம்பும்போது தம்பி அப்பத்தா மடியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறான். அவள் கணக்கில், தம்பி வந்தான், என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். இதை அவளுக்கு வாயால் சொல்லத் தெரியாது, அதனால் தம்பியைக் கிள்ளுவாள், அவன் பால் பாட்டிலைக் கேட்பாள், நின்றுபோன விரல் சூப்பல் திரும்பும். ஆறரை மணிக்கு நீங்கள் வீட்டுக்குள் நுழையும்போது பையன்தான் முதலில் தாவுவான், பால் கட்டியிருக்கும், அடுப்பில் வேலை கிடக்கும், எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் பத்தே பத்து நிமிடம் மகளுக்கு முதலில் கொடுத்துப் பாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து அவளை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், பையன் அதுவரை அப்பத்தாவிடமே இருக்கட்டும். அந்த நேரத்தில் "இன்னைக்கு மிஸ் என்ன சொல்லிக்கொடுத்தாங்க?" என்று கேட்காதீர்கள், "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், டப்பாவை யார் திறந்து கொடுத்தார்கள், இன்று யாராவது அழுதார்களா என்று கேளுங்கள். கதை கதையாக வரும். எதற்குப் பயப்படுகிறாள் என்பதும் அந்தக் கதைகளுக்குள்தான் இருக்கும்.

அடுத்தது தூக்கம். அப்பா வருகிற வரைக்கும் தூங்க மாட்டேன் என்று பத்தரை மணி வரை விழித்திருக்கிறாள் என்கிறீர்கள். மூன்றிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும். பதினொன்றுக்குத் தூங்கி ஆறரைக்கு எழுப்பினால் ஏழரை மணி நேரம்தான் ஆகிறது. அந்தப் பிள்ளை காலையில் சிணுங்காமல் வேறு என்ன செய்யும்? பாதி காலைச் சண்டை முந்தின ராத்திரியிலேயே தொடங்கிவிடுகிறது. எட்டரைக்கு விளக்கை அணைக்கப் பாருங்கள். ஒரே நாளில் முடியாது, இரண்டு நாளைக்கு ஒரு முறை கால் மணி நேரம் முன்னால் இழுங்கள். அப்பாவைப் பார்க்காமல் எப்படித் தூங்குவாள் என்பதற்கு வழி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. இரண்டாம் ஷிப்ட் என்றால் காலையில் அவர் வீட்டில்தானே இருக்கிறார். எழுப்புவது, பல் விளக்கிக் குளிப்பாட்டுவது, ஷூ மாட்டுவது எல்லாம் அப்பா வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் பத்து நிமிடம் பார்ப்பதைவிட, காலையில் அப்பா கையால் குளித்து, அப்பா சீவிவிட்ட கோணல் வகிடோடு பள்ளிக்குப் போவது அவளுக்கு எவ்வளவோ மேல். வகிடு கோணலாக இருக்கிறது என்று நீங்கள் திருத்தப் போகாதீர்கள். அவர் ராத்திரி வேலை பார்த்துவிட்டு வந்தவர்தான், அசதி இருக்கும், அவளை அனுப்பிவிட்டுப் படுக்கட்டும்.

காலை நேரத்தை எளிதாக்க நான் கண்ட ஒரே வழி, முடிகிறதையெல்லாம் ராத்திரியே முடித்து வைப்பதுதான். யூனிஃபார்ம், ஜட்டி, சாக்ஸ், ஐடி கார்டு எல்லாம் ஒரே நாற்காலியில். அவளையே எடுத்து வைக்கச் சொல்லுங்கள், அது அவள் நாற்காலி. காலையில் கேள்வியே கேட்காதீர்கள். "போலாமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்று சொல்ல அவளுக்கு உரிமை கொடுத்தமாதிரி. கேட்க வேண்டுமென்றால் எந்தப் பதில் சொன்னாலும் சரியாக வருகிற கேள்வியைக் கேளுங்கள், சிவப்பு ரிப்பனா வெள்ளை ரிப்பனா என்கிற மாதிரி.

வெறும் வயிற்றில் மட்டும் அனுப்பாதீர்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. எங்கள் பள்ளிக்கும் அப்போதுதான் வந்தது. அதற்கு முன்னால் பத்தரை மணிக்கு யாராவது ஒரு பிள்ளை வயிற்று வலி என்று சுருண்டு படுக்கும், இன்னொன்று காரணமே இல்லாமல் பக்கத்துப் பிள்ளையை அடிக்கும். உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் சாம்பாரோடு வரத் தொடங்கியதும் என் வகுப்பில் அந்தப் பத்தரை மணி வயிற்று வலி காணாமல் போய்விட்டது. அவ்வளவு காலமும் அதைப் பிடிவாதம் என்றும் சேட்டை என்றும் நினைத்திருந்தோமே என்று எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு. உங்கள் மகளுக்கும் ஒரு இட்லியோ, பாதி தோசையோ, ஒன்றுமே இறங்கவில்லை என்றால் ஒரு வாழைப்பழமும் அரை டம்ளர் பாலுமாவது உள்ளே போகட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், பாத்ரூம். புதிதாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு அழுகையைவிடப் பெரிய கஷ்டம் இதுதான், வெளியே தெரியாது. என்னிடம் படித்த ஒரு பையன், நல்ல துறுதுறு பிள்ளை, ஆகஸ்டில் திரும்பத் திரும்பக் காய்ச்சலில் படுத்தான். சளி, வைரஸ் என்று மருந்து கொடுத்துப் பார்த்து, கடைசியில் சிறுநீரில் கிருமித் தொற்று என்று தெரிந்தது. விசாரித்தால் அவன் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஒன்றுக்குப் போவதே இல்லை, போகக் கூடாது என்பதற்காகத் தண்ணீரும் குடிப்பதில்லை. முதல் வாரத்தில் ஒரு நாள் கழிப்பறைக் கதவு சாத்திக்கொண்டு, தாழ்ப்பாள் கைக்கு எட்டாமல், இருட்டில் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறான், யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு தினமும் இன்டர்வெல்லில் நானே கூட்டிப்போய், கதவைத் திறந்தே வைத்து, முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே நின்றேன். ஒரு மாதத்தில் தனியாகப் போக ஆரம்பித்தான். நான் முதல் வாரமே கவனித்திருக்க வேண்டும்.

அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சிலதைச் சரி பாருங்கள். வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் என்றால், பள்ளியில் குத்துக்கால் வைத்து உட்காரும் கழிப்பறையா என்று கேட்டுக்கொண்டு அதில் உட்காரப் பழக்குங்கள். ஜட்டியை அவளே இறக்கி ஏற்றத் தெரிய வேண்டும், கொக்கியும் பெல்ட்டும் உள்ள உடை வேண்டாம், எலாஸ்டிக் போதும். அப்புறம் முக்கியமானது, எப்படிக் கேட்பது என்று. இங்கிலீஷ் மீடியம் பள்ளிகளில் "மே ஐ கோ டு டாய்லெட் மிஸ்" என்று சொல்லிக் கொடுப்பார்கள். அந்த முழு வாக்கியம் வாயில் வராததால் கேட்காமலே நனைத்துக்கொண்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். மிஸ்ஸைப் பார்த்து, "அவள் தமிழிலேயே கேட்பாள், இல்லையென்றால் சுண்டுவிரலைக் காட்டுவாள், அனுப்பிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். நல்ல மிஸ் யாரும் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்கள். பையில் ஒரு மாற்று ஜட்டியும் பாவாடையும் கவரில் போட்டு வையுங்கள். நனைத்துக்கொண்டு வந்தால் திட்ட வேண்டாம், அதை அப்பா வரும்போது சிரித்துச் சொல்லவும் வேண்டாம்.

டிபன் டப்பா திரும்பி வருவதற்கு நிறையப் பேர் சமையலில் காரணம் தேடுவார்கள். நான் முதலில் மூடியைப் பார்ப்பேன். நான்கு பக்கமும் லாக் உள்ள டப்பாவை மூன்று வயசு விரலால் திறக்க முடியாது. முப்பது பிள்ளைகளுக்கு ஒரு மிஸ்ஸும் ஒரு ஆயாவும் இருக்கிற இடத்தில் உங்கள் மகள் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். இன்று ராத்திரி டப்பாவில் நான்கு பொரி போட்டு மூடி அவள் கையில் கொடுத்துப் பாருங்கள், திறக்க முடியவில்லை என்றால் வேறு டப்பா வாங்குங்கள். தண்ணீர் பாட்டில் மூடிக்கும் இதே சோதனைதான். இரண்டாவது, அளவு. வீட்டில் சாப்பிடுவதில் பாதி மட்டும் வையுங்கள், காலியான டப்பாவை மூடுவதில் பிள்ளைக்கு ஒரு பெருமை இருக்கிறது. மூன்றாவது, அது மதியம் எப்படி இருக்கும் என்று யோசித்துச் செய்யுங்கள். காலை ஏழு மணிக்கு நெய்யோடு மெத்தென்று இருந்த சப்பாத்தி பன்னிரண்டரைக்கு அப்பளம் மாதிரி ஆகிவிடும். தயிர் சாதம் கொடுப்பதானால் தயிரை ஊற்றிப் பிசையாதீர்கள், புளித்து இறுகிப் போகும். சாதத்தைக் குழையப் பிசைந்து ஆறவிட்டு, காய்ச்சி ஆறிய பாலைத் தளரத் தளர ஊற்றி, ஒரே ஒரு ஸ்பூன் தயிரும் உப்பும் சேர்த்துக் கலந்து வைத்தால், மதியம் திறக்கும்போது பதமாக உறைந்து புளிப்பில்லாமல் இருக்கும். இட்லியைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, பொடியும் நல்லெண்ணெயும் பிரட்டி வைத்தால் விரலால் எடுத்துப் போட்டுக்கொள்வாள், சட்னி தேவையில்லை. முழுத் திராட்சையும் வேர்க்கடலையும் இந்த வயதில் டப்பாவில் வேண்டாம், சிரித்துக்கொண்டே சாப்பிடும்போது தொண்டையில் சிக்கும்.

இனி பக்கத்து வீட்டுக் குழந்தையின் ஏ பி சி டி. இதைப் பற்றிப் பேசினால் எனக்குக் கொஞ்சம் குரல் உயரும், பொறுத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை எலும்பாகவே இருக்காது, எல்லாம் குருத்தெலும்பு. வருடத்துக்குச் சிறிது சிறிதாக ஒவ்வொன்றாக எலும்பாகி, கடைசி எலும்பு கெட்டியாக ஒன்பது பத்து வயதுக்கு மேல் ஆகிவிடும். விரல் தசைகளும் இப்போதுதான் பலம் பெறுகின்றன. அந்தக் கையில் பென்சிலைக் கொடுத்து நான்கு கோட்டு நோட்டில் ஒரு பக்கம் எழுது என்றால் கை வலிக்கும், எழுத்து என்றாலே வெறுப்பு வரும். சென்னை உயர் நீதிமன்றம் 2018-ல் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. 2020-ல் வந்த பள்ளிப் பை கொள்கை, ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய பிள்ளைகளுக்குப் புத்தகப் பையே வேண்டாம் என்கிறது. உங்கள் பள்ளியில் வீட்டுப்பாடம் கொடுத்தால் மிஸ்ஸிடம் மரியாதையாகச் சொல்லுங்கள், இப்போதைக்கு இரண்டு வரி மட்டும் எழுதுவாள் என்று. ராத்திரி நீங்களே கையைப் பிடித்து எழுத வைத்து, அழ அழ நோட்டை நிரப்பி அனுப்புவதைவிட அது மேல்.

நான் கண்ணால் பார்த்ததையும் சொல்கிறேன். கொரோனாவுக்குப் பிறகு 2022 ஜூனில் ஒன்றாம் வகுப்பு வந்த பிள்ளைகளில் நிறையப் பேர் அங்கன்வாடிக்கே போகாதவர்கள், பென்சிலை முதல் தடவையாக அன்றைக்குத்தான் பிடித்தார்கள். அந்த வருடம்தான் எண்ணும் எழுத்தும் திட்டமும் வந்தது, பாட்டு, அட்டை, கதை, விளையாட்டு என்று வகுப்பு மாறியது. எனக்கு உள்ளூர நடுக்கம்தான், எப்படி இவர்களைக் கரை சேர்ப்பது என்று. ஐந்தரை, ஆறு வயதுக் கை அல்லவா, தீபாவளிக்கெல்லாம் முக்கால்வாசிப் பேர் தங்கள் பெயரை எழுதினார்கள். மூன்று வயதில் இரண்டு வருடம் அழுது கற்பதை ஆறு வயதில் சில மாதத்தில் பிடித்துக்கொள்கிறார்கள்.

அதனால் இப்போதைக்குக் கைக்குப் பலம் கொடுங்கள். நீங்கள் சப்பாத்திக்கு மாவு பிசையும்போது ஒரு உருண்டை அவளுக்கு. பச்சைப் பட்டாணி உரிக்கட்டும், கறிவேப்பிலை உருவட்டும், துணி கிளிப்பை அழுத்தித் துணி காயப் போடட்டும், வாசலில் நீங்கள் போட்ட கோலப் புள்ளிக்குப் பக்கத்தில் அவளும் மாவைக் கிள்ளி நான்கு புள்ளி வைக்கட்டும். மூன்று விரலால் மாவைக் கிள்ளுவதும் பென்சில் பிடிப்பதும் விரலுக்கு ஒரே வேலைதான். மாமியாரிடம் பல்லாங்குழி இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். குழிக்கு ஐந்து புளியங்கொட்டை போட்டு எண்ணுகிற பிள்ளைக்கு ஐந்து என்றால் என்னவென்று உண்மையிலேயே தெரியும். எழுத்து காட்ட ஆசையாக இருந்தால் அ, ஆ என்று சுழியில் தொடங்க வேண்டாம். நான் ட, ப, ம என்று எளிய வடிவங்களில் தொடங்குவேன், கையைச் சுழற்ற வேண்டியதில்லை. அந்த மூன்றிலேயே படம், பட்டம், மடம் என்று வார்த்தையும் கிடைத்துவிடும். அதையும் நோட்டில் வேண்டாம், தட்டில் அரிசியோ ரவையோ பரப்பி விரலால் எழுதட்டும்.

மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை. பதினோரு மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு, வெயிலில் நடந்து போய்ப் பேத்தியை அழைத்து வருகிற அந்த அம்மாவுக்கு நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் அவர் "சாப்பிடலைன்னா மிஸ்ஸுகிட்ட சொல்லி அடிக்கச் சொல்லுவேன்" என்று பயமுறுத்துவதாக எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். பள்ளியில் பிள்ளையை அடிப்பதும் மனசைப் புண்படுத்துவதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி தடை செய்யப்பட்டது. அது ஒரு பக்கம் இருக்கட்டும், நாள் முழுக்க யாரிடம் இருக்கப் போகிறாளோ அவரையே பூச்சாண்டி ஆக்கிவிட்டால் பிள்ளை அவரிடம் எப்படி ஒட்டும்? நீங்களாகச் சொன்னால் மாமியாருக்கு வருத்தம் வரும் என்றால், கணவரைச் சொல்லச் சொல்லுங்கள், இல்லை, பழைய டீச்சர் ஒருத்தர் சொன்னார் என்று என் மேல் போடுங்கள். சாப்பாடு ஊட்டப் போனைக் கொடுப்பதும் அப்படித்தான், அவருக்கு வேறு வழியில்லாமல் கொடுக்கிறார். இரண்டிலிருந்து நான்கு வயது வரை திரையை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் கணக்கு. குறைந்தபட்சம் சாப்பாட்டு நேரத்திலும் படுக்கிற நேரத்திலும் இல்லாமல் பாருங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

உடம்புக்கு வருவதையும் முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற மாதங்கள் இவை, புழுதியும் கூதலும் சேர்ந்து வரும். முதல் வருடம் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு ஆறு, எட்டுத் தடவை சளி பிடிப்பது சாதாரணம், பிள்ளை தேறவில்லை என்று யாராவது சொன்னால் மனசில் போட்டுக்கொள்ளாதீர்கள். காய்ச்சல் அன்றைக்கு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், மருந்து கொடுத்துக் காய்ச்சலை இறக்கி அனுப்பிவிடாதீர்கள், பத்து மணிக்கு மறுபடி ஏறும். கையிலும் காலிலும் வாயைச் சுற்றியும் சின்னக் கொப்புளம் வந்தால், தக்காளிக் காய்ச்சல் என்பார்கள், டாக்டரிடம் காட்டிவிட்டு அவர் சொல்லும் வரை அனுப்பாமல் இருங்கள், தம்பிக்கும் வரும். கண்ணை ஒரு தடவை பரிசோதித்துவிடுங்கள். தலையைச் சாய்த்துப் பார்ப்பது, டிவிக்கு மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பது இருந்தால் தள்ளிப்போடவே வேண்டாம், ஒரு கண்ணில் பார்வை மந்தமாக இருந்தால் சின்ன வயதில்தான் அதைச் சரி செய்வது எளிது.

எப்போது கவலைப்பட வேண்டும் என்று கேட்பீர்கள். நான்கு, ஐந்து வாரம் தாண்டியும் அழுகை குறையாமல் கூடிக்கொண்டே போனால், ராத்திரி படுக்கையை நனைப்பது நின்றுபோய் மறுபடி தொடங்கினால், தூக்கத்தில் வீறிட்டால், குறிப்பாக ஒரு ஆள் பெயரைச் சொன்னாலோ ஒரு இடத்தைச் சொன்னாலோ உடம்பு ஒடுங்கினால், சும்மா விடக் கூடாது. பள்ளிக்கு நேராகப் போய்க் கேளுங்கள், வகுப்பைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள், தயங்க வேண்டாம். குளிப்பாட்டும்போதே அவளுக்குச் சொல்லி வையுங்கள், ஜட்டி மறைக்கிற இடத்தை அம்மா, அப்பத்தா, அப்பா குளிப்பாட்டும்போது தவிர யாரும் தொடக் கூடாது, டாக்டர் பார்ப்பதானாலும் அம்மா பக்கத்தில் இருக்கும்போதுதான், யாராவது தொட்டால் உடனே வந்து சொல்ல வேண்டும், அம்மா திட்ட மாட்டேன் என்று. 1098 குழந்தைகளுக்கான உதவி எண், அதையும் போனில் பதிந்து வையுங்கள்.

கடைசியாகத் திங்கட்கிழமை. நான் சொன்னதெல்லாம் செய்து, வியாழன் வெள்ளியில் அழுகை நின்று, அப்பாடா என்று இருக்கும். சனி ஞாயிறு முழுக்க உங்களோடு ஒட்டிக்கொண்டு இருந்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் மறுபடி முதல் நாள் மாதிரியே அழுவாள். அது எல்லாப் பிள்ளைக்கும் வருவது, கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அன்றைக்கு லீவு போட்டுவிடாதீர்கள். ஞாயிறு ராத்திரி அந்தப் படத்தாளை எடுத்து விரல் வைத்துச் சொல்லிவிட்டு, எட்டரைக்குப் படுக்க வையுங்கள். டப்பா மூடியைத் திறக்கிறாளா என்று பார்த்தீர்களா, மிஸ்ஸிடம் சுண்டுவிரல் விஷயத்தைச் சொன்னீர்களா என்று இரண்டு வாரம் கழித்து எழுதுங்கள். நான் பார்த்துக்கொண்டு இருப்பேன்.